இலவு காத்த கிளியும் எரேமியா வாங்கிய நிலமும்

இலவ மரத்தில் பச்சைக் காய்கள் தொங்குவதை ஒரு கிளி பார்த்தது. பழுக்கட்டும், தின்னலாம் என்று அங்கேயே காத்துக் கிடந்தது. காய் முற்றியது, வெடித்தது, பஞ்சாய்ப் பறந்தது. வீணாய்ப்போன காத்திருப்பை ‘இலவு காத்த கிளி’ என்கிறோமே, அந்தக் கிளிதான்.

குழந்தைக்காகப் பத்து வருஷமாக ஜெபிக்கும் தம்பதி, வேலைக்காக ஒவ்வொரு தேர்வாக எழுதிக்கொண்டிருக்கும் பையன், படுக்கையில் கிடக்கும் கணவருக்காக ஞாயிறுதோறும் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் மனைவி என்று எல்லாச் சபையிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கிளி ஞாபகம் வருவதுண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். காத்திருக்கிறவருக்கே தூக்கம் வராத ராத்திரியில் அந்தக் கேள்வி வரும்: நானும் அந்தக் கிளிதானா?

நியாயமான கேள்வி இது. ‘அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது, விசுவாசமாயிருங்கள்’ என்று வாயை மூடிவிடுவது சரியல்ல. காத்திருக்கும் காலத்தில் கிறிஸ்தவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள், அது ஏன் வெறும் ஆசையாகிவிடுவதில்லை என்பதை, வேதாகமத்தைப் புதிதாகத் திறக்கிறவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே சொல், இரண்டு பொருள்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு தனிக் குழப்பம் இருக்கிறது.

‘நம்பிக்கை’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். ‘அண்ணன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு’ என்றால் அவரைச் சார்ந்திருக்கிறேன் என்று பொருள். ‘இந்த வருஷம் மழை பெய்யும் என்ற நம்பிக்கை’ என்றால் இனி வரப்போவதை எதிர்பார்க்கிறேன் என்று பொருள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. முதலாவது பிஸ்திஸ், இரண்டாவது எல்பிஸ்.

1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்கிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்கிறது. அதாவது ஒரு வீட்டில் இரண்டாவதாக வரும் ‘நம்பிக்கை’ பக்கத்து வீட்டில் முதலாவதாக வருகிறது. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்தக் குழப்பம் நன்றாகப் புரியும். கத்தோலிக்கத் திருச்சபை 2025-ஐ யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது அதன் தலைப்பு ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’. அங்கே சொன்னதும் இந்த எல்பிஸ்தான்.

எனக்கு ‘எதிர்நோக்கு’ பிடித்த சொல். வாசற்படியில் நின்று, வருகிறவர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு சொல். ஆனாலும் என் காதில் சின்ன வயதிலிருந்து விழுந்தது ‘நம்பிக்கை’ என்பதால் இந்தக் கட்டுரையில் அதையே பயன்படுத்துகிறேன். இங்கே நம்பிக்கை என்றால் எதிர்நோக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழிக்குப் போனால் இன்னும் அழகான ஒன்று கிடைக்கும். நம்பிக்கைக்கு அங்கே வழங்கும் சொற்களில் ஒன்று திக்வா. ‘காத்திரு’ என்ற பொருள் தரும் காவா என்ற வினையோடு சேர்ந்த சொல் அது. எரிகோ பட்டணத்து ராகாப், தன் வீட்டு ஜன்னலில் சிவப்பு நூல் கயிறு ஒன்றைக் கட்டி வைத்தாளே, யோசுவா 2-ஆம் அதிகாரத்தில், அந்தக் கயிற்றுக்கும் மூலத்தில் இதே சொல்தான். ராகாப் என்ன செய்தாள்? பட்டணத்தைப் பிடிக்க வந்த இஸ்ரவேலரின் வேவுகாரர் இருவருக்கு அடைக்கலம் கொடுத்தாள். ‘நாங்கள் பட்டணத்தைப் பிடிக்கும்போது இந்தக் கயிறு ஜன்னலில் இருந்தால் உன் வீட்டாருக்கு ஒன்றும் ஆகாது’ என்று அவர்கள் ஆணையிட்டுச் சொன்னார்கள். அவர்கள் போனதும் கயிற்றைக் கட்டினாள். அப்புறம் காத்திருந்தாள்.

கிளிக்கும் ராகாபுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. இலவங்காய் பழுக்கும் என்று கிளிக்கு யாரும் சொல்லவில்லை. அது தானாக எடுத்த முடிவு. ராகாபுக்கோ ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி என்ன பேசினாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். யார் சொன்னார், என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை? மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் புது வருஷத்துக்கான வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்களே, அதில் அடிக்கடி வரும் வசனம் ஒன்று உண்டு. எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.’ எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இது தொங்குகிறது. அதற்கு முந்தின வசனம் தொங்கி நான் பார்த்ததில்லை. அதில்தான் எழுபது வருஷம் என்று இருக்கிறது.

கதை இதுதான். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் பிரபுக்களையும் கைத்தொழிலாளரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார். ஆலயத்துப் பாத்திரங்களும் போயின. போனவர்களுக்கும் மிஞ்சினவர்களுக்கும் ஒரே கேள்விதான்: எப்போது திரும்புவோம்?

அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் பதில் சொன்னார். இரண்டு வருஷம். இரண்டே வருஷத்தில் பாத்திரங்களும் ராஜாவும் போனவர்களும் திரும்பி வருவார்கள், கர்த்தர் சொல்கிறார் என்றார். அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போட்டார். கூட்டத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.’ இந்த இடம் எனக்கு ரொம்ப முக்கியம். எரேமியாவுக்கும் ஆசைதான். இரண்டு வருஷத்தில் எல்லாரும் வீடு திரும்பினால் அவரைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருந்திருக்க மாட்டார். ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு என்று அவருக்குத் தெரியும். அனனியா சொன்னது கர்த்தர் சொன்னதல்ல என்பது அவருக்குத் தெளிவானதும் அதை முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வருஷமே அனனியா இறந்துபோனார்.

சிறைபிடிக்கப்பட்டவர்களுக்கு எரேமியா ஒரு கடிதம் அனுப்பினார். அதுதான் 29-ஆம் அதிகாரம். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள். உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நலனுக்காகவும் ஜெபியுங்கள். பாபிலோனுக்கு எழுபது வருஷம் முடிந்தபின் கர்த்தர் உங்களைத் திரும்பக் கொண்டுவருவார். அதற்குப் பிறகுதான் அந்த அட்டை வசனம் வருகிறது.

கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த முப்பது வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். எழுபது வருஷம் என்றால் அவர் திரும்பப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் போகலாம். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்ற வார்த்தை முதலில் போய்ச் சேர்ந்தது அப்படிப்பட்டவரிடம். இது தெரிந்தால் அந்த வசனம் சிறுத்துப்போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது தெரிந்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. ஒரு மனிதரின் ஆயுசைவிட நீளமான வாக்கு அது.

அந்த எழுபது வருஷத்தில் செய்ய அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலைகளையும் கவனியுங்கள். மூட்டை கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. தோட்டம் போடச் சொன்னார். காத்திருத்தல் என்றால் வாழ்க்கையை நிறுத்தி வைப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ‘கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்’, ‘விசா வரட்டும், அப்புறம் படிக்கலாம்’. வருஷங்கள் அப்படியே போய்விடுகின்றன.

பதினேழு சேக்கல்

பத்து வருஷத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் பெரியது. 32-ஆம் அதிகாரம். நேரம் கிடைத்தால் முழுவதும் வாசியுங்கள்.

பாபிலோன் சேனை மறுபடி வந்து எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. மதிலுக்கு எதிராக மண்மேடுகள் எழும்பிவிட்டன. உள்ளே பஞ்சம். பட்டணம் விழப்போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக ராஜா சிதேக்கியா எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ‘ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை நீ வாங்கிக்கொள், நெருங்கிய உறவினனாக அதை மீட்கும் உரிமை உனக்குத்தான்’ என்கிறார். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முற்றுகை போட்ட சேனைக்கு நடுவே கிடக்கும் நிலம், விற்கிறவருக்கே கையில் இல்லாத நிலம் என்று சொல்லலாம். அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் எரேமியாவைக் கொல்லவே வழி தேடியவர்கள்.

எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி, இன்றைய அளவில் ஏறக்குறைய 200 கிராம். தராசில் நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதினார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை வைத்த பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. தமிழ் வேதாகமத்தில் இதற்குக் கிரயப் பத்திரம் என்றே இருக்கிறது. பத்திர ஆபீசில் கால்கடுக்க நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி உடனே கண்முன் வரும். இரண்டு பிரதிகளையும் பாருக்கு என்பவரிடம் கொடுத்து, ‘இவை ரொம்ப நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை’ என்றார். காரணத்தையும் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்கிறார்.

இதே எரேமியாதான் ‘இரண்டு வருஷத்தில் சரியாகிவிடும்’ என்பதை ஏற்றுக்கொள்ளாதவர். பட்டணம் விழும் என்று நாற்பது வருஷம் சொல்லி அடிவாங்கியவர். நிலைமை கெட்டுக்கொண்டே போகும் என்று நன்றாகத் தெரிந்தவர் கையிருப்புப் பணத்தைக் கொடுத்து நிலம் வாங்குகிறார். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற மனநிலைக்கும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி எனக்குத் தெரியாது. அனனியாவுக்கு நிலைமையைப் பார்க்கத் தைரியம் இல்லை. எரேமியா நிலைமையை முழுதாகப் பார்த்தார். அதற்கப்பால் கர்த்தரின் வாக்கையும் பார்த்தார்.

அதற்கு அடுத்துத்தான் நான் அடிக்கடி திரும்பிப் போகிற பகுதி. பத்திரம் கைமாறிய பிறகு எரேமியா ஜெபம் பண்ணுகிறார். நீளமான ஜெபம். கர்த்தரைப் புகழ்ந்துகொண்டே போய் கடைசியில் மனசில் இருந்ததைக் கொட்டுகிறார்: பட்டணம் எதிரியின் கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீர்! செய்து முடித்த பிறகும் அவருக்குப் புரியவில்லை. புரியாமலே செய்தார். புரியவில்லை என்று மறைக்காமல் சொன்னார். ஆகவே மனசில் குழப்பம் இருக்கிறவரிடம் நம்பிக்கை இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அச்சாரம்

சரி, எரேமியாவுக்குக் கர்த்தர் நேரே பேசினார். நமக்கு?

இதற்குப் பதிலாகப் புதிய ஏற்பாடு ஒரே ஒரு சம்பவத்தைச் சுட்டிக்காட்டுகிறது. இயேசு மரித்தோரிலிருந்து எழுந்தார். கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் இதில்தான் தொங்குகிறது. அவர் எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் 1 கொரிந்தியர் 15-இல் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். அது மட்டும் நடக்கவில்லை என்றால் நாம் கிளிகள்தான், பவுலும் உட்பட.

அதே அதிகாரத்தில் பவுல் இயேசுவை ‘முதற்பலன்’ என்கிறார். விவசாயக் குடும்பத்தாருக்கு விளக்கம் தேவைப்படாத சொல். தென்மாவட்டச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு முதல் விளைச்சலை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். முதல் கதிர்க்கட்டு வந்துவிட்டது என்றால் மீதிக் கதிர் வயலில் முற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இயேசு எழுந்ததை அப்படிப் பார்க்கச் சொல்கிறார் பவுல். அவருக்கு நடந்தது, அவரைச் சேர்ந்தவர்களுக்கும் நடக்கும். உடல் எழும்பும், மரணம் ஒழியும், இப்போது தவிக்கிற சிருஷ்டி முழுவதும் புதுசாகும். கிறிஸ்தவர் காத்திருப்பது கடைசியில் இதற்காக.

இன்னொரு சொல் ‘அச்சாரம்’. எபேசியர் 1:14-இல் பரிசுத்த ஆவியானவர் நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்று வருகிறது. நிலம் வாங்கும்போது அச்சாரம் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மீதிப் பணம் பின்னால் வரும், வாக்கு மாற முடியாது. அச்சாரம் முடிந்த நிலத்தில் வாங்குகிறவர் இன்னும் குடியேறவில்லை. ஆனால் நிலம் தமக்கில்லாமலும் போகவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கை முழுவதுமே அச்சாரத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே உள்ள காலம். ஏற்கெனவே கிடைத்தது கொஞ்சம், இன்னும் வராதது நிறைய. இதைப் புரிந்துகொண்டால், ‘கடவுள் இருந்தும் ஏன் இன்னும் இப்படி?’ என்ற வேதனை தீர்ந்துவிடாது. ஆனால் அந்த வேதனையோடு எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியும்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். கடவுள் என்ன சொல்லவில்லை? இந்த வருஷம் வேலை கிடைக்கும் என்று எல்லாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு நோயும் இந்த வாழ்நாளிலேயே குணமாகும் என்று சொல்லவில்லை. இவற்றைக் கேட்கலாம், கண்ணீரோடு கேட்கலாம், கேட்கும்படி இயேசுவே சொன்னார். பலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் நம் விருப்பத்தை வாக்குத்தத்தமாக நினைத்துக்கொண்டு அதற்கு ஒரு தேதியும் போட்டுவிட்டால், அந்தத் தேதி கடக்கும்போது கடவுள் பொய் சொன்னதுபோல ஆகிவிடும். சொன்னது அவரல்ல.

தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையைப் பணிய மறுத்ததற்காக அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர் இரண்டையும் அழகாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம். அந்த ‘விடுவிக்காமற்போனாலும்’ என்ற சொல்லை அவிசுவாசம் என்று சொல்லப் பழகிவிட்டோம். அவர்கள் அதைச் சொல்லித்தான் சூளைக்குள் போனார்கள்.

ஈஸ்டர் அன்று வாசித்த சங்கீதம்

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், நல்ல மனசோடுதான் வந்தார், ‘ஈஸ்டருக்குள் அய்யா எழுந்து நடப்பார், எனக்குத் தரிசனம் கிடைத்தது’ என்றார். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து காலண்டரைத் தம் கண்ணில் படும்படி மாட்டச் சொன்னார்.

ஈஸ்டர் வந்தது. அப்பா நடக்கவில்லை. அன்று காலை எல்லாரும் ஆலயத்துக்குப் போய் வந்தோம். அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ‘எனக்குத்தான் விசுவாசம் பத்தலை போல’ என்று குழறிக் குழறிச் சொன்னார். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். வழக்கமாக 91, 121, 23. அன்று 13-ஐத் திறந்தார். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ அந்தச் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது. நான்காவது முறை வாசிக்கும்போது அப்பாவும் கூடச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது.

புலம்பல் என்பது நம்பிக்கைக்கு எதிரானது என்று எங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சங்கீதப் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள், அதில் எவ்வளவு புலம்பல் என்று தெரியும். ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறவர், கேட்கிறதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறார். நம்பிக்கை போனவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். அன்றைக்கு ராத்திரி அப்பா கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். அந்த ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறையில் ‘முதற்பலன்’ வசனத்தைப் போட்டோம்.

கேட்டது கிடைக்காமலே கடைசிவரை நம்பிக்கையோடு இருந்தவர்களுக்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர். அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு டோனாவூரில் ஆபத்திலிருந்த பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். 1931-இல் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்து பலத்த காயம் பட்டார். எழுந்து பழையபடி நடமாட வேண்டும் என்று அவரும் ஜெபித்தார், பிள்ளைகளும் ஜெபித்தார்கள். நடக்கவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறைக்குள்தான். அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார், வந்தவர்களோடு பேசினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து அதில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதினார்கள். பாபிலோனில் போட்ட தோட்டம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

கூட இருக்கிறவர்களுக்கு

காத்திருக்கிறவருக்கு அறிவுரை ஏராளமாகக் கிடைக்கும். ஆகையால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். தேதி சொல்லாதீர்கள். ‘ஏதாவது பாவம் இருக்கா பாருங்க’ என்று துருவாதீர்கள். கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் ‘விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று கேட்காதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க அவருடைய நண்பர்கள் வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. சாப்பாடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி நீங்கள் தங்கிக்கொண்டு வீட்டுக்காரரைத் தூங்க அனுப்புங்கள். அவர்களால் ஜெபிக்க முடியாத நாளில் அவர்களுக்காக நீங்கள் ஜெபியுங்கள். அதை அவர்களிடம் சொல்லியும் வையுங்கள்.

காத்திருக்கிறவருக்கு ஒன்றே ஒன்று: தனியாகக் காத்திருக்காதீர்கள். திருச்சபை இதற்காகவே வருஷத்தில் ஒரு பருவத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள், திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாவற்றையும் அந்த வாரங்களிலேயே பாடி முடித்துவிடுகிறோம் என்பது எனக்கு வருத்தம்தான். வராத ஒன்றுக்காகச் சேர்ந்து காத்திருக்க நமக்குக் கிடைத்த பயிற்சி அது. நல்ல வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவே உள்ள சனிக்கிழமையும் அப்படித்தான். அந்த ஒரு நாள் முழுவதும் சீஷர்களுக்கு ஒன்றுமே தெரியாது. நம்மில் பலர் வருஷக்கணக்கில் அந்தச் சனிக்கிழமையில் இருக்கிறோம்.

எரேமியாவின் நிலம் என்ன ஆனது என்று வேதாகமம் சொல்லவில்லை. கி.மு. 587 வாக்கில் எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. மிஞ்சினவர்கள் எரேமியாவைத் தங்களோடு எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஊர் திரும்பியதாகச் செய்தி இல்லை. கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தார். அடுத்த வருஷமே, யூதர் ஊர் திரும்பலாம் என்று கட்டளை பிறந்தது. திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயரும் எண்ணிக்கையுமாக நீண்டுகொண்டே போவதால் வேத வாசிப்பில் அநேகர் தாண்டிப் போய்விடும் அதிகாரம். அதன் 23-ஆம் வசனத்தில் ஒரே ஒரு வரி: ஆனதோத்தின் மனிதர் நூற்றிருபத்தெட்டுப் பேர்.